“கிண்டி கிடைக்குமா சார்?”

பிளஸ் டூ முடிவு வெளியான அன்று மாலையே பள்ளிக்கூட வராண்டாவில் ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் அப்பாவும் பிள்ளையும். சில வீடுகளில் படித்த சித்தப்பாவோ மாமாவோ துணைக்கு வருவார். கைப்பேசியில் மதிப்பெண்ணைக் காட்டிவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், இந்த கட் ஆஃபுக்கு கிண்டி கிடைக்குமா?” கிண்டி என்றால் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரி. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியர் நான். பொறியியல் கவுன்சலிங்குக்கு வழிகாட்டுகிற வேலையும் பல வருடங்களாக என்னிடமே இருக்கிறது. மே மாதத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதே இல்லை. தெரியாது என்று தட்டிக்கழிப்பதற்காக அல்ல. பதிலுக்குத் தேவையான விஷயம் அப்போது யார் கையிலும் இருக்காது.

கட் ஆஃப் போடுவது எளிது. கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணக்கில் 91, இயற்பியலில் 88, வேதியியலில் 94 என்றால் 91, 44, 47 கூட்டி 182. இதைப் பிள்ளைகளே ரிசல்ட் வந்த நிமிடத்தில் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அடுத்த அடியில்தான். சென்ற வருடம் கிண்டியில் இந்தப் பிரிவு எத்தனையில் முடிந்தது என்று தேடி எடுத்து, தன் 182ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மேலே இருந்தால் சிரிப்பு, கீழே இருந்தால் அழுகை.

மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடக்கூடாது. 2024 தரவரிசைப் பட்டியலில் 200க்கு 200 வாங்கியவர்கள் 65 பேர். அடுத்த வருடம், 2025இல், 144 பேர். பட்டியலின் உச்சியிலேயே ஒரே வருடத்தில் இவ்வளவு மாறுகிறது என்றால் 180இலும் 175இலும் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்குத் தாள் கடினமாக வந்த வருடத்து 182ம் எளிதாக வந்த வருடத்து 182ம் ஒன்றல்ல. கொரோனாவால் தேர்வே நடக்காத 2021இல் பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த வருடத்து எண்களைப் பார்த்து அடுத்த வருடம் கலங்கி வந்த பெற்றோரைச் சமாதானம் செய்வது பெரும்பாடாக இருந்தது. ஒப்பிடுவதானால் ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிட வேண்டும். அதிலும் முக்கியமாக, நம் சமூகப் பிரிவுக்குள் எத்தனையாவது இடம் என்று சொல்லும் கம்யூனிட்டி ரேங்க்கை. அது வருவதற்கு ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். அதனால்தான் மே மாதத்தில் “ரேங்க் வரட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்” என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

ஒரே 182இல் இருப்பவர்கள் கூட்டமாக இருப்பார்கள். அவர்களுக்குள் கணக்கில் அதிகம் வாங்கியவர் முன்னால் நிற்பார். கணக்கு 92, இயற்பியல் 88, வேதியியல் 92 எடுத்த பிள்ளைக்கும் கட் ஆஃப் 182தான், ஆனால் 91 எடுத்த நம் பிள்ளைக்கு முன்னால் போய்விடும். அதற்குப் பிறகுதான் இயற்பியல், மற்ற மதிப்பெண்கள், பிறந்த தேதி. எல்லாமே சமமாக இருந்தால் கடைசியாகத்தான், குலுக்கல் மாதிரி ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் ரேண்டம் நம்பர். பேப்பரில் ரேண்டம் நம்பர் வெளியீடு என்று வந்ததும் “என் நம்பர் சின்னதா வந்திருக்கு சார்” என்று வாடிப்போய் வரும் பிள்ளைகள் உண்டு. ரேண்டம் நம்பரைப் பார்க்க வேண்டிய நிலை வருவதே அபூர்வம். இதைச் சொன்னதும் அந்த முகம் தெளிவதைப் பார்ப்பது எனக்கு நிறைவு.

ரேங்க் வந்த பிறகும் எச்சரிக்கையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பாடப் பிரிவில் 60 இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரித்தால் பொதுப் போட்டிக்கு 18 அல்லது 19, பி.சி.க்கு 16, எம்.பி.சி.க்கு 12, எஸ்.சி.க்கு 9, பி.சி. முஸ்லிமுக்கு 2, அருந்ததியருக்கு 2, பழங்குடியினருக்கு ஒன்று வருவதே இழுபறி. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு என்றால் நான்கைந்து இடங்கள்தான். அந்த நான்கைந்தும் மறுபடி சமூகவாரியாகப் பிரியும். ஆக “சென்ற வருடம் இத்தனையில் முடிந்தது” என்று நாம் சொல்லும் எண், பல நேரம் ஒரே ஒரு பிள்ளையின் மதிப்பெண். அந்தப் பிள்ளை கோயம்புத்தூர்க்காரப் பிள்ளையாக இருந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்கலாம் என்று முடிவெடுத்திருந்தால் அந்த எண்ணே வேறாக இருந்திருக்கும். பி.சி., எம்.பி.சி. போன்ற பெரிய சமூகப் பிரிவுகளில் மூன்று வருடக் கடைசி ரேங்க்குகளை வைத்து ஓரளவு சொல்லலாம். ஒன்றிரண்டு இடங்கள் உள்ள பிரிவில் யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு முன்னால் ரேங்க்கில் நிற்பவர்கள் எல்லோரும் வருவதில்லை. உயிரியலும் சேர்த்துப் படித்தவர்கள் நீட் எழுதி மருத்துவத்துக்குப் போவார்கள். சிலர் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போவார்கள். வருகிறவர்களும் முதலில் மொய்ப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., இ.சி.இ. பக்கம். அதே கிண்டியில் மைனிங், பிரின்டிங், ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் இருக்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் இருக்கிறது, ஏ.சி. டெக் கல்லூரியில் டெக்ஸ்டைல், லெதர் இருக்கின்றன. கிண்டி கிடைக்குமா என்று கேட்பவரிடம் கிண்டியில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் பாதிப் பேருக்கு அதுவரை யோசனையே போயிருக்காது.

இவ்வளவும் கணக்குப் பார்க்கத் தெரிந்த பிறகு எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் வேறு. கிடைக்குமா என்ற கணிப்பு, பிள்ளைகள் கல்லூரிகளை வரிசையாக எழுதிக் கொடுக்கும் விருப்பப் பட்டியலின் மேல் பாதிக்குத் தேவையே இல்லை. கீழ்ப் பாதிக்குத்தான் வேண்டும்.

2017 வரை கவுன்சலிங் நேரில் நடந்தது. ராத்திரி பஸ் பிடித்து கிண்டிக்குப் போய், பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். நம் முறை வரும்போது இருப்பதில் நல்லதைத் தொட்டால் போதும். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியாமலே விருப்பப் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ரேங்க் வாரியாகச் சில சுற்றுகளாக நடக்கும். ஒரு சுற்றில் எல்லோரும் எழுதி முடித்ததும் கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அதன் பட்டியலை முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டு வரும். முதல் வரியில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்தும். நம் பிள்ளையின் முறை வரும்போது பத்தாவது வரியில் இருக்கும் கல்லூரியில் இடம் இருந்தால், அதை முதல் வரியில் எழுதியிருந்தாலும் கிடைத்திருக்கும், பத்தாவதாக எழுதியதாலும் கை நழுவாது. மேலே ஒன்பது எட்டாக்கனிகளை எழுதியதற்காக எந்தத் தண்டனையும் இல்லை. நமக்குப் பின்னால் ரேங்க் உள்ள ஒருவர் அதை முதல் வரியில் எழுதினார் என்பதால் நம்மைத் தாண்டி வாங்கவும் முடியாது.

இது எங்கள் ஊர்ப் பக்கம் பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன 182 எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் கட் ஆஃப்தான். பட்டியலோடு வந்தபோது அதில் அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் இல்லை. எல்லாம் பக்கத்து மாவட்டத் தனியார் கல்லூரிகள். “நம்ம மார்க்குக்கு அதெல்லாம் எங்க சார் வரும், எழுதுனா இருக்கிறதும் போயிடும்னு சித்தப்பா சொன்னாரு” என்றாள். சித்தப்பா பாசத்தில்தான் சொல்லியிருக்கிறார். பிள்ளை ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலை. ஆனால் அந்தக் கவலை ஒரு பிள்ளையின் கதவைக் கணினி மூடுவதற்கு முன்னால் வீட்டிலேயே மூடிவிடுகிறது. முதல் பட்டதாரி வீடுகளில் இது அதிகம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அதிகம். சென்னை வேண்டாம், ஹாஸ்டலுக்குப் பணம் ஏது என்று நேரடியாகச் சொல்லாமல் “கிடைக்காது” என்று சொல்லிவிடுவார்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்து 7.5 சதவீதத்தில் இடம் வாங்கினால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது, 2021இலிருந்து. இதை நான் அவள் அப்பாவிடம் விவரமாகச் சொன்ன பிறகுதான் பேச்சு வேறு மாதிரி போனது. அவளை உட்காரவைத்து, எங்கே கிடைக்கும் என்பதை மறந்துவிட்டு எங்கே படிக்க ஆசை என்ற வரிசையில் எழுதச் சொன்னேன். சிவில் என்றாள். கிண்டி சிவில் முதல் வரிக்கு வந்தது.

பட்டியலின் கீழ்ப் பாதியில்தான் என் நோட்டும் மூன்று வருடக் கடைசி ரேங்க்குகளும் வேலை செய்யும். எது வந்தாலும் வராவிட்டாலும் இது நிச்சயம் வரும் என்று சொல்லக்கூடிய இடங்கள் கடைசியில் போதுமான அளவு இருக்க வேண்டும். அவையும் பிள்ளை மனமொப்பிப் படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். 194 வைத்திருந்த ஒரு பையன், கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நாலைந்து பெரிய கல்லூரிகளை மட்டும் எழுதிப் பூட்டிவிட்டு வந்தான். முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. அடுத்த சுற்றில், முதல் சுற்றுக்காரர்கள் எடுத்தது போக மிஞ்சியதில்தான் தேட வேண்டியிருந்தது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குக் கீழ்வரிகள் எழுதுவது அவமானமாகப் படுகிறது. அதைப் பேசிப் புரியவைக்க, பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்வதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

மேல் வரிகளில் ஆபத்தே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. உண்மையில் வேண்டாத கல்லூரி மேலே ஏறிவிடக்கூடாது. பிரௌசிங் சென்டரில் கடவுச்சொல்லைக் கொடுத்து “நீங்களே நல்லதா பார்த்துப் போடுங்க” என்று விட்டு வருகிறார்கள். யாரோ ஒருவருக்கு வேண்டிய கல்லூரி மேலே உட்கார்ந்துவிட்டால், அங்கே இடம் இருக்கும், கணினி அங்கேயே நிறுத்திவிடும். அதேபோல் மே மாதமே வீட்டுக்கு வந்து “இந்த மார்க்குக்கு கவுன்சலிங்ல ஒண்ணும் வராது, இப்பவே மேனேஜ்மென்ட்ல அட்வான்ஸ் கட்டுங்க” என்பவர்கள். ரேங்க்கே வராத நேரத்தில் வரும் இந்தக் கணிப்புக்காக ஆட்டை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கோபப்படுத்துவது வேறெதையும்விட இதுதான். கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை பள்ளிக்கு வாருங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் கெஞ்சுகிறேன்.

அந்த மாணவிக்கு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் ஒதுக்கீடு வந்தது. கிண்டி வரவில்லை, குரோம்பேட்டையும் வரவில்லை. அன்று இரவு அவள் அப்பா போன் செய்தார். “அப்வர்ட் கொடுத்தா கையில இருக்கிறது போயிடுமா சார்?” பட்டியலில் இன்னும் மேல் வரியில் உள்ளது வருமா என்று காத்திருப்பதுதான் அப்வர்ட். ஏற்றுக்கொண்டு மேலே காத்திருப்பது ஒன்று, மறுத்துவிட்டுக் காத்திருப்பது இன்னொன்று. முன்னதில் கோவை இடம் பத்திரமாக இருக்கும். ஆனால் மேலே உள்ளது வந்துவிட்டால் கோவை தானாகப் போய்விடும், திரும்ப வராது. ஆகவே கிண்டி வந்தால் சென்னைக்கு அனுப்பத் தயாரா என்று மட்டும் வீட்டில் பேசுங்கள் என்றேன். மறுநாள் காலை “அம்மாவும் சரின்னுட்டாங்க சார்” என்று அவளே சொன்னாள். ஏற்றுக்கொண்டு மேலே என்பதைக் கொடுத்தோம். மேலே எதுவும் வரவில்லை. தடாகம் சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியிலேயே சிவில் சேர்ந்துவிட்டாள்.