ஹீட் கன் காட்டும் எண் எந்த இடத்தின் சூடு?

ஹீட் கன் என்பது சூடான காற்றை ஊதும் கைக்கருவி. டிஜிட்டல் ஹீட் கன்னில் 300 என்று வைத்தால், அந்த 300 டிகிரி நாசில் (முன்பக்கக் குழல்) வாயில் வெளிவரும் காற்றின் சூடு. ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் பொருளைத் தொடுவதற்குள் வெளிக்காற்று கலந்து அது வெகுவாக இறங்கிவிடும். பொருளின் உட்பகுதி எவ்வளவு சூடேறியது என்பது இன்னொரு கணக்கு. தூரம், காற்றின் வேகம், நாசிலின் வடிவம், பொருளின் கனம், காட்டும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் வேலையைத் தீர்மானிக்கின்றன. வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள கன், வெளிவரும் காற்றின் சூட்டை மட்டும் ஆடாமல் பிடித்துத் தருகிறது. அது ஆடாமல் இருந்தால் மற்றவற்றைக் கைப்பழக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். கூடுதல் விலை அதற்குத்தான்.

கடையில் கிடைப்பவை மூன்று ரகம். முதலாவது இரண்டு நிலை ஸ்விட்ச் மட்டும் உள்ளது. 300-350, 500-550 என்று இரண்டே சூடு. பெயின்ட் உரிக்க இது போதும், ஒயர் இணைப்பின்மேல் மாட்டிச் சூட்டில் சுருக்கும் ஸ்லீவ் (பிளாஸ்டிக் குழாய்) வேலைக்கு முரடு. இரண்டாவது ரகத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்க டயல் இருக்கும். இவற்றில் பலவற்றில் டயல், காற்றைச் சூடாக்கும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே குறைக்கிறது, வெளிவரும் காற்றை எதுவும் அளப்பதில்லை. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 190-க்கு இறங்கினால் காயிலின் திறன் 68 சதவீதத்துக்கு விழும். விசிறியும் கூடவே மெதுவாவதால் காற்றின் சூடு அந்த அளவுக்கு இறங்காது என்றாலும், காலையில் பார்த்துவைத்த டயல் குறி மாலையில் பொருந்தாது. மூன்றாவது ரகத்தில் நாசிலுக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. அது காட்டும் சூட்டைப் பார்த்து உள்ளே இருக்கும் போர்டு காயிலைக் கூட்டிக் குறைக்கிறது.

டிஸ்ப்ளே இருப்பதாலேயே மூன்றாவது ரகம் என்று நம்பிவிடக் கூடாது. கடையிலேயே சோதிக்கலாம். 250 வைத்து, எண் நிலைத்ததும் காற்றைச் சட்டென்று குறையுங்கள். சென்சார் உள்ள கன்னில் உண்மைச் சூட்டைக் காட்டும் எண் கொஞ்சம் ஏறி, சில நொடிகளில் திரும்பி வரும். வைத்த எண்ணை மட்டும் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். காற்றின் வேகத்துக்குத் தனிக் கட்டுப்பாடும், 50 அல்லது 80 டிகிரிவரை இறங்கும் வசதியும், நிமிர்த்தி நிற்கவைக்கத் தட்டையான பின்பக்கமும் இருந்தால் நல்லது. காயிலும் விசிறி மோட்டாரின் கார்பன் பிரஷும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்கெட் விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். 2000 வாட் கன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சில நிமிடங்களில் பின் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, உள்ளே கருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாதென்றால் கனமான ஒயர் உள்ளதை எடுத்து, சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே விட்டால் சுருளுக்குள் சூடு தேங்கி ஒயரின் உறை உருகும்.

வாங்கி வந்ததும் முதல் வேலை அளப்பது. கே-டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் உலோகக் கம்பி) செருகும் மல்டிமீட்டர் போதும். அதன் முனையைச் செங்கல்லின் ஓரத்தில் அந்தரத்தில் நிற்கும்படி கட்டி, நாசிலிலிருந்து 2, 5, 10 சென்டிமீட்டர் தூரங்களில் இரண்டு நிமிடம் விட்டுப் படியுங்கள். வந்த எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். மீட்டரோடு வரும் மெல்லிய ப்ரோப் பெரும்பாலும் 250 டிகிரிவரைதான் தாங்கும் என்பதை மறக்க வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காற்றின் சூட்டை அளக்காது. பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் மார்க்கரால் கறுப்பாக ஒரு பொட்டு பூசி, அதன்மேல் பிடித்துப் படிக்க வேண்டும்.

ஷிரிங்க் ஸ்லீவுக்கு 250 முதல் 300, குறைந்த காற்று, கரண்டி போல வளைந்த நாசில். சாதாரண பாலிஒலிஃபின் ஸ்லீவ் 120 டிகிரிவாக்கில் முழுமையாகச் சுருங்கிவிடும், அதற்கு மேல் சூடு வீண். இரண்டுக்கு ஒன்று ரகத்தில் 6 மில்லிமீட்டர் ஸ்லீவ் 3-க்குச் சுருங்கும், ஆகவே இணைப்பின் தடிமன் 3.5 முதல் 5-க்குள் இருந்தால் இறுக்கமாகப் பிடிக்கும். நீளத்திலும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் பத்து சதவீதம் கூட்டி வெட்டுங்கள். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிப் போக வேண்டும். இரு முனைகளையும் முதலில் சுருக்கினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு உப்பும். சால்டரில் கூரான முனை விட்டிருந்தால் அந்த இடத்தில் ஸ்லீவ் கிழியும், அதை முதலிலேயே அரம் வைத்துத் தேய்த்துவிடுங்கள்.

உள்ளே பசை உள்ள ஸ்லீவில்தான் அவசரம் கெடுக்கும். 450 வைத்துக் காட்டினால் வெளிச்சுவர் நொடியில் சுருங்கி, வேலை முடிந்ததுபோல் தெரியும். உள்ளே பசை உருகியே இருக்காது. பைக்கிலோ மோட்டார் பம்பிலோ அந்த வழியாக ஈரம் ஏறி, சில மாதங்களில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். சூட்டைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். இரு முனையிலும் பசை சுற்றிலும் மெல்லிய வளையமாகப் பிதுங்கி வந்தால்தான் அடைப்பு முழுமை. தடித்த செம்பு லக் (ஒயர் முனையில் பொருத்தும் இணைப்புத் துண்டு) என்றால் அது சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், ஸ்லீவ் மாட்டும் முன் லக்கைத் தனியாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரி பேக்கின் மேல் போடும் பி.வி.சி. உறைக்கு ஆகக் குறைந்த சூடு, கை ஒரு இடத்திலும் நிற்கக் கூடாது. செல்லின் மேல் 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

பேரிங் வேலையில் ஹீட் கன்னின் அருமை தெரியும். 6206 என்ற அளவு எண் கொண்ட பேரிங்கின் வெளிவிட்டம் 62 மில்லிமீட்டர். அது உட்காரும் அலுமினிய ஹவுசிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் குழி ஏறக்குறைய 0.11 மில்லிமீட்டர் விரியும். பேரிங் சுத்தியல் இல்லாமல், கைவிரலால் தள்ளினாலே இறங்கும். ஆனால் பேரிங்கையும் சேர்த்துச் சூடாக்கினால் அதுவும் 0.06 அளவுக்கு விரிந்து பாதிப் பலனைத் தின்றுவிடும். ஆகவே சூடு ஹவுசிங்குக்கு மட்டும். பேரிங்கைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஃப்ரீசரில் வைத்திருங்கள். 350 முதல் 400, முழுக் காற்று, சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் காட்ட வேண்டும். ஒரே பக்கம் காட்டினால் குழி நீள்வட்டமாகிப் பேரிங் சாய்ந்து சிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சீறி ஆவியானால் நூறைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஷாஃப்டில் ஏற்றப் பேரிங்கையே சூடாக்க வேண்டி வந்தால் 110 டிகிரியோடு நிறுத்துங்கள். 125-ஐத் தாண்டினால் எஃகின் தன்மை கெடலாம். ரப்பர் சீல் போட்டு கிரீஸ் அடைத்து வரும் ரகத்தைச் சூடாக்கவே வேண்டாம்.

சிவப்பு லாக்டைட் (மரையைப் பிடித்து நிறுத்தும் பசை) போட்ட போல்ட்டைக் கழற்ற, போல்ட்டே 250 டிகிரியை எட்ட வேண்டும். 500 வைத்து, குறுகிய நாசிலில் நெருக்கிக் காட்டி, ஆறுவதற்குள் ஸ்பேனர் போடுங்கள். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பி.வி.சி. பைப் 80 டிகிரியில் இளகத் தொடங்கி, 120 வாக்கில் சொன்னபடி வளையும். 250 வைத்து, 8-10 சென்டிமீட்டர் தள்ளி, பைப்பை உருட்டிக்கொண்டே காட்டினால் ரப்பர் குழாய் போலத் துவளும். உலர்ந்த மணல் நிரப்பி முனைகளை அடைத்திருந்தால் வளைவில் நசுங்காது. வளைவு வெளுத்தால் சூடு போதவில்லை. பழுப்பேறினால் அதிகம், அப்போது வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, மூக்கை எரிப்பதோடு பக்கத்தில் கிடக்கும் இரும்புக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். வளைத்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கும், அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் லைனுக்கு அது ஆகாது. அங்கே எல்போ வாங்கிப் போடுவதே சரி.

பழைய பெயின்ட்டை உரிக்க 400-500, தட்டை நாசில், குமிழ் எழுந்ததும் பட்டி பிளேடால் தள்ள வேண்டும். இங்கே ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, கம்பிகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விதிகள் ஈயப் பெயின்ட்டின்மேல் 1100 ஃபாரன்ஹீட், அதாவது 593 செல்சியஸ், அதற்கு மேல் ஹீட் கன்னை ஓட்டத் தடை விதிக்கின்றன. குழந்தைகள் புழங்கும் வீட்டில் நனைத்துச் சுரண்டுவதே மேல். தின்னர் துடைத்த துணி, மரத்தூள், காகிதம் எல்லாம் தீச்சுடர் இல்லாமலே இந்தக் காற்றில் பற்றும். மரச்சட்ட இடுக்குகளில் போன சூடு நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும், வேலை முடிந்து அரைமணி கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் நேரே அணைக்கக் கூடாது. குறைந்தபட்சச் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, எண் இறங்கிய பிறகு அணையுங்கள். அணைத்தவுடன் விசிறி நின்று, காயிலின் சூடு பின்பக்கம் பரவி, பிளாஸ்டிக் கூட்டையும் காயிலைத் தாங்கும் பீங்கானையும் கெடுக்கிறது. பல கன்களில் விசிறி மோட்டாருக்கு மின்சாரம் காயிலின் ஒரு பகுதியிலிருந்தே வருகிறது, ஆகவே காயில் அறுந்தால் விசிறியும் நிற்கும். விசிறி ஓடியும் காற்று மெலிந்து, நாசிலுக்குள் காயில் செக்கச்செவேலென்று தெரிந்தால் உடனே நிறுத்திப் பின்பக்க வலையைப் பாருங்கள், மரத்தூள் அடைத்திருக்கும். வலை சுத்தமாக இருந்தும் அப்படியே என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிரஷை மாற்றும்வரை ஓட்டாதீர்கள், ஓட்டினால் அடுத்து காயிலும் போகும்.