‘ஹைபிரிட்’ என்று எழுதிய பொதி: சில நாட்குறிப்புகள்

2024 யூன் 16, ஞாயிறு

கனடாவில் இருக்கும் மருமகன் காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அந்நாட்டில் 2018 ஒக்ரோபர் 17 முதல் வயதுவந்தோருக்குச் சட்டப்படி விற்கப்படும் கஞ்சாவின் பொதி அது. “மாமா, இதில ஹைபிரிட் எண்டு போட்டிருக்கு. நீங்க முந்திக் குடுத்த சோளன் விதை மாதிரித்தானா?” என்று கேட்டிருக்கிறான். விவசாயப் போதனாசிரியராக, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் முப்பது வருடம் சைக்கிள் மிதித்த எனக்கு இப்படியொரு கேள்வி வந்ததில்லை. இலங்கையில் அனுமதியின்றி இச்செடியை நடுவதே குற்றம். நான் ஒன்றும் நட்டதுமில்லை. ஆனால் கேட்டது பயிரைப் பற்றியது, ஆகவே யோசித்துத்தான் பதில் எழுத வேண்டும்.

யூன் 18, செவ்வாய்

சோளனில் ஹைபிரிட், அதாவது கலப்பினம், என்பது கறாரான சொல். பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே கருக்கட்ட வைத்து நிலைப்படுத்திய இரண்டு பரம்பரைகளைச் சேர்த்தால் முதல் தலைமுறை ஒரே உயரத்தில், ஒரே நாளில் பூக்கும். அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் குணங்கள் பிரிந்துவிடும். இதைப் பிறருக்குப் படிப்பித்த நானே ஒருமுறை காசு மிச்சம் பிடிப்பதற்காக வீட்டுக் காணியில் பழைய பொத்திகளின் விதையைப் போட்டு, இடுப்பளவு ஒன்றும் தலைக்கு மேல் ஒன்றுமாக நின்ற பயிரைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

கஞ்சாவில் அந்தச் சொல் மிகவும் தளர்வானது. தாவரவியலாளர் லின்னேயஸ் இச்செடிக்கு 1753இல் சற்றைவா என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து வந்த செடியை லமார்க் 1785இல் இண்டிகா என்று பிரித்தார். இன்றைய வணிகர்களோ நெடிதாய் வளரும் ஒடுங்கிய இலைச் செடியை முதற்பெயராலும், ஆப்கானிஸ்தான் மலைப்பக்கத்துக் குட்டையான அகன்ற இலைச் செடியை இரண்டாவதாலும் அழைத்து, இரண்டும் கலந்ததை ஹைபிரிட் என்கிறார்கள். பல பத்தாண்டுகளாகக் கலந்து கலந்து வந்ததால் இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கலப்புத்தான். ஆணும் பெண்ணும் பப்பாசி போல வெவ்வேறு செடிகளாக இருப்பதால், நல்ல பெண் செடி ஒன்று கிடைத்தால் அதன் விதையை நம்பாமல் தண்டுத்துண்டு வைத்தே பெருக்குகிறார்கள். ஆகவே ஒரே பெயரில் இருவர் விற்பது ஒரே செடியாக இருக்க வேண்டுமென்ற நியதியில்லை.

யூன் 21, வெள்ளி, பொசன் போயா

இன்று வருடத்தின் மிக நீண்ட பகல். கச்சான் காற்று வாசலில் புழுதியை வாரிக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்பில் இன்றைய பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலம் 34 நிமிடம். மார்கழியில் அது 11 மணித்தியாலம் 40 நிமிடமாகக் குறையும். ரொறன்ரோவிலோ இன்று பதினைந்தரை மணித்தியாலம் வெளிச்சம்.

இச்செடி குறும்பகல் தாவரம். இரவு நீளும்போதுதான் பூக்கும். வடக்கே கோடை முழுவதும் உயர்ந்து கூதிர்காலத்தில் பூக்கும் கலப்பினத்தை நம்முடைய பன்னிரண்டு மணித்தியாலப் பகலில் வைத்தால், உடல் வைப்பதற்கு முன்பே பூத்துவிடும். நமது பழைய நீண்டகால நெல்லினங்களும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த இந்த வித்தியாசத்தை உணர்ந்து மாரிகாலப் பெரும்போகத்தில் மட்டுமே கதிர் விட்டன. பின்பு ஆராய்ச்சி நிலையங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இனங்களைக் கொடுத்ததால்தான் சிறுபோகமும் தைரியமாகச் செய்ய முடிந்தது. கஞ்சாவில் அந்தக் குணம், 1924இல் ருஷ்யாவில் விவரிக்கப்பட்ட ருடெராலிஸ் என்ற குட்டைச் செடியிலிருந்து வந்தது. வயது வந்ததும் தானாகப் பூக்கும் கலப்பினங்களுக்கு மூலம் அதுவே.

யூன் 24, திங்கள்

வேலியோரத்து நாய்க்கடுகைப் பிடுங்கிக் கைவில்லையால் பார்த்தேன். தண்டு முழுவதும் நுனியில் பசைத்துளி ஏந்திய மயிர்கள். ஓர் எறும்பு அதில் கால் சிக்கித் தவித்தது. கஞ்சாவின் பெண் பூவிலும் இத்தகைய சுரப்பி மயிர்களில்தான் பிசின் சேர்கிறது. மகரந்தம் படாத பூவில் அது கூடுதல்.

அப்பிசினில் உள்ள ரிஎச்சி (THC) என்ற பொருளை 1964இல் இஸ்ரேலில் மெக்கூலம், கவோனி என்ற வேதியியலாளர்கள் தனியாக்கினர். மூளையின் ஏற்பிகளில் ஒட்டி மயக்கம் தருவது இதுவே. சிபிடி (CBD) என்ற மற்றது போதை தராது. அதிலிருந்து செய்த மருந்தொன்று சில கடும் வலிப்பு நோய்களுக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்றது. மணம் தரும் எண்ணெய்களில் ஒன்றான கரியோபிலீன் நம் மிளகிலும் கராம்பிலும் உண்டு.

பச்சைப் பூவில் இருப்பது மயக்காத அமில வடிவம். சூடு பட்டால்தான் ரிஎச்சியாக மாறும். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். கோரக்கர் மூலி என்று இதை அழைத்த நாட்டு வைத்தியம் கழுவிக் காயவைத்து நெய்யில் வறுத்துச் சுத்தி செய்ததை இந்தக் கண்கொண்டு பார்த்தபோது வியப்பாக இருந்தது: நீரில் பச்சை போகிறது, பிசின் போவதில்லை.

யூன் 27, வியாழன்

மருமகனுக்கு எழுதினேன். இண்டிகா தூக்கம் தரும், சற்றைவா உற்சாகம் தரும், ஹைபிரிட் நடுவில் நிற்கும் என்பது கடைக்காரர் பேச்சு; இலையின் வடிவம் விளைவைத் தீர்மானிப்பதில்லை. ரிஎச்சி எத்தனை வீதம், சிபிடி எத்தனை வீதம் என்பதைப் பார். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995இல் ஏறத்தாழ 4 வீதமாக இருந்த ரிஎச்சி 2014இல் 12 வீதமானது. உன் பொதியில் 22 என்றிருக்கிறது. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். தின்றால் ஒன்றிரண்டு மணித்தியாலம் பிந்தும், ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இன்னும் தின்பவர்களே அவதிப்படுகிறார்கள். நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், சற்றுமுன் சொன்னது மறக்கும், சிலருக்குப் பயம் பிடிக்கும். இளவயதில் தொடங்குபவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்தும் கூடும்.

இரவு பதில் வந்தது. பொதி அவனுக்கல்ல, முழங்கால் வலியால் நித்திரையில்லாத அக்காவுக்காம். அவ நெடுநாளாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் என்ற மருந்து எடுக்கிறா. சிபிடி அந்த மருந்து உடலில் உடைவதைத் தடுத்து இரத்தம் கசிய வைக்கலாம், வைத்தியரிடம் கேட்காமல் ஒரு துளியும் கொடுக்காதே என்று உடனே எழுதினேன். செய்தியைப் பார்த்ததாக இன்னும் காட்டவில்லை.