முன் சக்கரங்களுக்கு இயக்கம் வேண்டுமா? ஒரு டிரக் கட்டும் நாட்குறிப்பு

பிப்ரவரி 2

பழைய பிக்கப் டிரக்கின் உடலை இன்று சேசிஸிலிருந்து கழற்றி எடுத்துவிட்டோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன. முன் சஸ்பென்ஷன் மட்டும் நட்டு போல்ட்டுகளோடு தரையில் விரித்துக் கிடக்கிறது. பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டி இது. இதே வரிசையில் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியும் வந்திருப்பதால், அதன் முன் டிஃபரென்ஷியலையும் (விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) டிரான்ஸ்ஃபர் கேஸையும் (விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிரும் பெட்டி) தேடிப் பிடித்துப் பொருத்துவது முடியாத காரியமன்று. கரடுமுரடான நிலத்துக்காக இதை மறுபடி கட்டும்போது பழைய அமைப்பையே நீட்டி வளர்ப்பதா, முன் சக்கரங்களுக்கும் இயக்கம் தருவதா என்பதை ஒரு பற்றவைப்பு விழுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு: 'இருசக்கர இயக்கம்' என்று எழுதினால் மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. ஆகவே 'பின்சக்கர இயக்கம்' என்றே எழுதப்போகிறேன்.

பிப்ரவரி 5

இந்த ஆசைக்கு விதை போட்டவை பாஹா பாலைவனப் பந்தய வண்டிகள். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாத் தீபகற்பத்தில் 1967-இல் தொடங்கிய அந்த நெடும் பந்தயத்துக்கு, பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வண்டிகளைத்தான் ப்ரீரன்னர் என்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. 1994-இல் உருவான டிராஃபி டிரக் பிரிவிலும் நெடுங்காலம் அதுவே வழக்கமாக இருந்தது. சக்தி போதாமலோ பணம் போதாமலோ அவர்கள் முன் இயக்கத்தைத் தவிர்க்கவில்லை. முன் சக்கரம் எவ்வளவு உயரம் ஏறி இறங்க முடியும் என்பதே அவர்களுடைய கவலையாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் நான்கு சக்கரங்களும் இயங்கும் டிரக்குகள் அங்கேயும் முன்வரிசைக்கு வந்துவிட்டன என்றாலும், அவற்றில் இருக்கும் ஜாயின்ட்டுகளும் ஷாஃப்ட்டுகளும் என் பட்டறைக்குள் வரக்கூடியவை அல்ல.

பிப்ரவரி 9

அந்தக் கவலை எங்கிருந்து வருகிறது என்பதை இன்று தாளில் போட்டுப் பார்த்தேன்.

முன் டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் ஆக்சில் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் சி.வி. ஜாயின்ட், அதாவது மடங்கிய நிலையிலும் சீராகச் சுழலவிடும் இணைப்பு, உண்டு. வெளி ஜாயின்ட் திருப்பத்துக்கும் சேர்த்து அமைக்கப்பட்டிருப்பதால் 45 பாகை வரை மடங்கும். உள் ஜாயின்ட்டோ உள்ளும் வெளியும் சறுக்கவும் வேண்டியிருப்பதால் 23 பாகையைத் தாண்டினால் திணறத் தொடங்கும். நீண்ட உழைப்புக்கு 20 பாகைக்குள் நிறுத்துவது நல்லது. இரு ஜாயின்ட்டுகளின் மையங்களுக்கு இடையே 450 மி.மீ. இருந்தால், 20 பாகையில் சக்கரம் மேலே 154 மி.மீ., கீழே 154 மி.மீ. செல்லலாம். மொத்த வீச்சு 308 மி.மீ. பின்சக்கர இயக்கத்தில் இந்த ஷாஃப்ட்டே இல்லை. அங்கே ஏ-ஆர்மின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைத்து ஏறி இறங்கவிடும் கை) நீளமும் ஷாக்கின் (அதிர்வைத் தணிக்கும் எண்ணெய்க் குழாய்) நீளமும் ஆர்மின் முனையிலுள்ள பந்து ஜாயின்ட்டின் கோணமும்தான் எல்லை. ஆர்மை நீட்டினால் 400 மி.மீ.-க்கு மேலும் போகலாம்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. டிஃபரென்ஷியலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வண்டியை 60 மி.மீ. உயர்த்தினால், ஷாஃப்ட் நின்ற நிலையிலேயே ஏறக்குறைய 8 பாகை சாய்ந்துவிடுகிறது. கீழிறங்குவதற்கு மிஞ்சுவது 94 மி.மீ.தான். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடராமல் தொங்கும். உயரமாக நிற்கும் வண்டி நன்றாக ஓடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பிப்ரவரி 10

மழை. பட்டறைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 14

எதிர்க்கட்சியான முன் இயக்கத்துக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஏற்றத்தின் கணக்கை இன்று எடுத்துக்கொண்டேன். சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 3 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 0.75 மீட்டர், காலி வண்டியின் எடையில் 45 விழுக்காடு பின் அச்சில். இறுகிய மண்ணில் பிடிமானக் கெழு (சக்கரத்தின் மேல் விழும் எடையில் எவ்வளவு பங்கு உந்துவிசையாக முடியும் என்பது) 0.6 என்று கொண்டால், பின்சக்கர இயக்கம் சமாளிக்கக்கூடிய மிகச் செங்குத்தான ஏற்றம் 17 பாகையைச் சற்றே தாண்டுகிறது. நான்கு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டப்பட்டு உந்தினால் அது 31 பாகை. தளர்ந்த மணலில் கெழுவை 0.4 ஆக்கினால் 11-க்கு எதிரே 22. பின்பகுதியில் சுமை ஏற்றி அங்கே 55 விழுக்காடு எடை விழும்படி செய்தாலும், இறுகிய மண்ணில் பின்சக்கர வண்டி 21 பாகையோடு நின்றுவிடுகிறது.

இறக்கத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை, ஏனெனில் பிரேக் இரு வண்டிகளிலும் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. ஏறும்போது கைகொடுத்த முன் இயக்கம் இறங்கும்போதும் அதே அளவுக்குக் காப்பாற்றும் என்று நம்பி விரைபவர்கள் வழுக்குவது இதனால்தான்.

டிஃபரென்ஷியல் திறந்த வகையாக இருந்தால் மேற்கண்ட எண்களெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். ஒரு சக்கரம் காற்றில் சுழலத் தொடங்கியதும் அந்த அச்சே செயலற்றுப் போகும். இரு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் பின் லாக்கர் இரு திட்டங்களிலும் கட்டாயம், அதில் விவாதமில்லை.

பிப்ரவரி 18

நண்பர் ஒருவர், "ஏ-ஆர்மை விட்டுவிடுங்கள், இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு இரும்பு அச்சு போட்டுவிடுங்கள்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறு சக்கரம் தானாகக் கீழே அழுத்தப்படும், டிஃபரென்ஷியலின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை. மெதுவாகப் பாறை ஏறுபவர்களுக்கு அதைவிட எளிய அமைப்பு இல்லை. ஆனால் அந்த அச்சு, டிஃபரென்ஷியல், ஷாஃப்ட் எல்லாமே ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அலைபோன்ற மண்பாதையில் வேகமெடுத்தால் அந்த எடை முழுவதையும் ஷாக்தான் அடக்க வேண்டும். எண்ணெய் கொதித்துத் தணிப்பு குன்றிவிடும்.

ஃபோர்டு 1965-இல் கொண்டுவந்த இரட்டை ஐ-பீம் அமைப்பும் (ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனித்தனி நீண்ட பீம்), 1980-இல் அதையே முன் இயக்கத்துக்கு ஏற்ப மாற்றிய வடிவமும் நடுவழி. உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆயினும் ஒரு மீட்டர் நீளப் பீம் 150 மி.மீ. ஏறினால் சக்கரம் ஏறத்தாழ 8.6 பாகை சாய்கிறது. டயரின் ஓரம் மட்டும் தேய்வதை ரசிப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

பிப்ரவரி 23

கணக்குகள் இரு பக்கமும் பேசுகின்றன. ஆகவே பழைய பயணக் குறிப்பேட்டை எடுத்து, மூன்று ஆண்டுகளில் இந்த வண்டி எங்கெல்லாம் நின்றுபோனது என்று எண்ணினேன். மொத்தம் 11 இடங்கள். அவற்றில் ஏழு, மெதுவான ஏற்றத்திலோ மணலில் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதோ நேர்ந்தவை. இரண்டு முறை வண்டியின் வயிறு சேற்றில் அமர்ந்துவிட்டது. அங்கே எத்தனை சக்கரம் சுழன்றும் பயனில்லை. ஒருமுறை டயர் கிழிந்தது. வேகத்தில் முன் சஸ்பென்ஷன் அடித்தட்டி உடைந்தது ஒரே ஒரு முறை.

இந்தப் பட்டியலைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். மனத்தில் நான் ஓட்டியது பாஹா வண்டி. நிலத்தில் ஓட்டியது மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்கும் வண்டி. பெரும்பாலும் துணை வண்டி இல்லாமல் தனியாகப் போகிறேன் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 25

இப்போதைக்குப் பின்சக்கர இயக்கத்தோடு கட்டிவிட்டு, பிற்பாடு முன் இயக்கத்தைச் சேர்த்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்கு ஷாக்கின் இடமே விடை சொல்லிவிட்டது. பின்சக்கர வண்டியில் ஷாக் மேல் ஆர்மின் நடுவே புகுந்து கீழ் ஆர்மின் மையத்தில் அமர்கிறது. நான்கு சக்கர வண்டியில் அந்த இடத்தின் குறுக்கே ஆக்சில் ஷாஃப்ட் போகிறது. ஆகவே ஷாக்கின் அடியில் ஷாஃப்ட்டைக் கவ்வும் கவட்டை ஒன்று வேண்டும், இல்லையெனில் ஷாக்கை முன்னோ பின்னோ நகர்த்த வேண்டும். ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் கோபுரம், ஆர்மின் வடிவம், எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி எல்லாமே அதன்படி மாறும். பிற்பாடு என்பது இரண்டாம் முறை முழுவதையும் வெட்டி ஒட்டுவது என்றே பொருள்.

மார்ச் 3

நான்கு சக்கர இயக்கம். முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்துக்கு 75 மி.மீ. அகலப்படுத்தி, ஆர்மையும் ஷாஃப்ட்டையும் திருப்புத் தண்டையும் ஒரே அளவு நீட்டுகிறேன். ஷாஃப்ட் 525 மி.மீ. ஆனதும் 20 பாகையில் மேலும் கீழும் 180 மி.மீ. கிடைக்கிறது. உயர்த்தும் அளவுக்கே டிஃபரென்ஷியலையும் கீழே இறக்குவதால் நின்ற நிலையில் ஷாஃப்ட் கிடையாக இருக்கும். அடிவயிற்றில் இழக்கும் இடைவெளியைச் சற்றே பெரிய டயரால் ஈடுசெய்யலாம். முழுத் திருப்பத்தில் சக்கரம் 33 பாகை திரும்பி, ஷாஃப்ட்டும் 20 பாகை சாய்ந்தால், வெளி ஜாயின்ட் காணும் கூட்டுக் கோணம் ஏறக்குறைய 38; அது தாங்கும்.

ஸ்பிரிங்கும் மாறுகிறது. ஷாக் கீழ் ஆர்மில் அமரும் இடத்தின்படி, சக்கரம் 10 மி.மீ. நகர்ந்தால் ஷாக் 6 மி.மீ. நகரும். இந்த 0.6 என்ற விகிதத்தின் இருமடியால் பெருக்கினால்தான் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு தெரியும்: மி.மீ.-க்கு 80 நியூட்டன் ஸ்பிரிங், சக்கரத்தில் 28.8 ஆகிறது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 450 கிலோ இருந்தபோது, அந்த எடையில் ஸ்பிரிங் அழுந்தி வண்டி அமிழும் அளவு 153 மி.மீ. முன் இயக்கத்தின் கூடுதல் பாரத்தோடு 480 கிலோ ஆனால் 163. எனக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதுவே என்பதால் 80-ஐயே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 17

ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால் இடச் சக்கரத்தை முழு வீச்சிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மேலே 180 வரை தடையில்லை. கீழே 171-இல் உள் ஜாயின்ட் இறுகிவிட்டது. கோணம் காரணமன்று, ஆர்மின் வில்லும் ஷாஃப்ட்டின் வில்லும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாததால், ஜாயின்ட்டுக்குள் சறுக்கும் மூன்று கவை கொண்ட துண்டு தன் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்துவிட்டிருக்கிறது. தாளில் போட்ட கணக்கில் இந்தச் சறுக்கத்தை நான் சேர்க்கவே இல்லை. வலப்பக்கம் 174 வரை வந்தது. பற்றவைப்பில் நேர்ந்த மூன்று மி.மீ. வேறுபாடாக இருக்கலாம்.

தொங்கலைத் தடுக்கும் நாடா சுமையில் சற்று நீளும் என்பதால், இரு பக்கமும் 160-இலேயே பிடிக்கும்படி துளையிட்டிருக்கிறேன். 163 அமிழும் ஸ்பிரிங் அந்த இடத்திலும் மூன்று மி.மீ. அளவுக்கு அழுந்தியே இருக்கும். ஸ்பிரிங் தான் அமர்ந்திருக்கும் இடத்தை விட்டு நழுவாது. நாளை நாடாவின் மேல் கொக்கிக்குத் தகடு வெட்ட வேண்டும்.