கிட்டிப்புள் கைக்கு ஹர்லிங் மட்டை

ஹர்லிங் என்பது மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து ஆட்டம். அதன் தேசிய மைனர் (இளையோர்) போட்டி 1928-இல் தொடங்கியது. முதல் கோப்பை கார்க் கவுண்டிக்கு; கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. 2017 வரை 18 வயதுக்குட்பட்டவர்கள் ஆடினார்கள், 2018 முதல் 17. சம்பளம் கிடையாது, சொந்தக் கவுண்டிக்காக ஆடுவதுதான் பெருமை.

அணிக்கு 15 பேர், 60 நிமிடம். ஸ்கோரில் 2-10 என்றால் 2 கோல், 10 பாயின்ட். பந்து கோல் கம்பங்களின் குறுக்குக் கட்டைக்குக் கீழே போனால் கோல், அதற்கு 3. மேலே போனால் 1. ஆக 2-10 என்பது 16தான். எதிரணி 0-17 எடுத்திருந்தால் அவர்களுக்கே வெற்றி.

தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துப் பையன்கள் ஆடிப் பார்ப்பதென்றால் முதல் தடை கிரிக்கெட் பிடி. கிரிக்கெட்டில் வலக்கையனின் வலக்கை கீழே இருக்கும். ஹர்லிங்கில் அது மட்டையின் உச்சியில். இடக்கை பந்தைப் பிடிக்க, தூக்கிப் போட. அடிக்கும் நொடியில் இடக்கை மேலே நழுவி வலக்கையோடு சேரும். கிரிக்கெட் பிடியிலேயே நின்றால் பந்தைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் கை மாற்ற வேண்டும், அதற்குள் எதிராளி மறித்துவிடுவான். கிட்டிப்புள் ஆடியவனுக்கு எழும்பும் புள்ளைக் காற்றில் அடிக்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது. அது பெரிய சொத்து.

தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுத்தால் ஃபவுல், மட்டையால்தான் கிளப்ப வேண்டும். பந்துக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, முழங்காலை நன்றாக மடக்கி, மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து நுனியை அடியில் செருக வேண்டும். பந்து எழும்பாமல் முன்னால் ஓடுகிறதா? குனியவில்லை, மட்டை செங்குத்தாக நிற்கிறது. கைக்கு வந்த பந்தோடு நாலு எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது.

அங்கே மட்டை ஆஷ் மரத்தின் அடித்தண்டில், வேரோடு வளையும் இடத்திலிருந்து செய்வது. மரத்தின் ரேகையும் அந்த வளைவோடு ஓடும். நேர்ப்பலகையில் அறுத்தால் ரேகை நுனியில் குறுக்கே வெட்டுப்பட்டுப் பிளந்துவிடும். பழக நமக்குத் தென்னை மட்டை போதும்: அகன்ற அடிப்பக்கம் பந்துக்கு, ஒடுங்கிய பக்கம் பிடிக்கு. பச்சையாக இருந்தால் கனக்கும்; நிழலில் காயவைத்து, நார் பிரியும் விளிம்பை டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். அங்கே தகரப்பட்டை அடிப்பதும் இதற்குத்தான். நின்றபடி ஊன்றினால் இடுப்பெலும்பு உயரம் சரி.

அசல் பந்து 110 முதல் 120 கிராம், தோல் விளிம்பு துருத்தியது. தொடக்கத்தில் டென்னிஸ் பந்தே நல்லது.

சம்பா அறுத்த வயலில் உளுந்து நிற்கும், அங்கே கால் வைக்காதீர்கள். உளுந்து எடுத்த பிறகோ களிமண் பாளமாக வெடித்து, பந்து நினைத்த பக்கம் துள்ளாது. மேய்ச்சல் திடல் மேல். தனியாகப் பழக, நெல் காயாத நாளில் சிமெண்ட் உலர்களமும் பக்கத்தில் ஒரு சுவரும் போதும்: வலப்பக்கம் 50 தடவை, இடப்பக்கம் 50 தடவை சுவரில் அடியுங்கள். இடப்பக்கத்தை விட்டுவிடுகிற பையன்கள்தான் அதிகம்.

முகக்கம்பி போட்ட ஹெல்மெட் அங்கே 2010 முதல் எல்லோருக்கும் கட்டாயம். தென்னை மட்டையானாலும், ஹெல்மெட் இல்லாமல் இரண்டு பேரை ஒரே பந்துக்கு விடாதீர்கள்.