இபி பில்லுல இருந்து ஆரம்பிப்போம்

சென்னைப் பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி, திருமுடிவாக்கம், காக்களூர்னு இருக்கற சின்ன யூனிட்டுகளுக்குப் போய் கரண்ட், டீசல், கேஸ் செலவைக் குறைக்க வழி சொல்றது, அது வழியா கார்பனைக் குறைக்க வைக்கறதுதான் என் வேலை. சின்னதுன்னா பத்துப் பதினஞ்சு பேர்ல இருந்து ஒரு அறுபது எழுபது பேர் வரைக்கும் இருக்கற இடங்க. சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டர் வச்சு ஓடற கடைசல்), பவுடர் கோட்டிங், ரப்பர் மோல்டிங், போல்ட் நட்டு. கார் கம்பெனிக்கு நேரா சப்ளை பண்றவங்க கொஞ்சம் பேர்தான், அவங்களுக்கு சப்ளை பண்றவங்களுக்கு ஜாப் வொர்க், அதாவது கூலிக்கு வேலை செஞ்சு குடுக்கறவங்கதான் ஜாஸ்தி.

இவங்க யாரும் பூமி சூடாகுதேன்னு என்னைக் கூப்பிடறதில்ல, உங்க கார்பன் கணக்கு என்னன்னு கேட்டு கஸ்டமர் கிட்ட இருந்து ஒரு எக்செல் ஷீட் வந்திருக்கும், அதான் காரணம். மார்க்கெட் மதிப்புல முதல் ஆயிரம் லிஸ்டட் கம்பெனிகளுக்கு 2022-23ல இருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பெல்லாம் சொல்ற பிஆர்எஸ்ஆர் அறிக்கையை பங்குச்சந்தையைக் கண்காணிக்கற செபி கட்டாயமாக்கினதுக்கப்புறம் பெரிய கம்பெனிங்க அப்படியே சப்ளையர் பக்கம் திரும்பி கேக்க ஆரம்பிச்சாங்க. ஐரோப்பாவுக்குப் போற சரக்குன்னா இன்னும் நெருக்கடி, அங்க இறக்குமதி ஆகற சரக்கோட கார்பனுக்கு வரி மாதிரி சிபாம்னு ஒண்ணு கொண்டு வந்து 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு கேட்டாங்க, 2026 ஜனவரியில இருந்து உள்ள போற சரக்குக்குப் பணமும் கட்டணும்னு ஆயிடுச்சு, இரும்பு அலுமினியத்தோட சேர்த்து போல்ட்டு, ஸ்க்ரூ கூட அந்த லிஸ்ட்ல இருக்கு. ஓனர் அந்த ஷீட்டைத் திறந்து பாப்பாரு, ஸ்கோப் 1 (நாமளே எரிக்கற டீசல், கேஸோட கார்பன்) ஸ்கோப் 2 (வாங்கற கரண்டோட கார்பன்)ன்னு இருக்கும், அக்கவுண்ட்ஸ் பாக்கற பொண்ணு கிட்ட குடுத்துடுவாரு, அந்தப் பொண்ணு ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கும் சம்பளக் கணக்குக்கும் நடுவுல அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்? கடைசியில யாராவது ஒரு ஏஜென்ட் வந்து தோராயமா நிரப்பிக் குடுத்துட்டு காசு வாங்கிட்டுப் போயிடுவாரு. அந்தக் காகிதத்தால ஒரு யூனிட் கரண்ட் கூட குறையாது.

அதனால நான் எங்க போனாலும் முதல்ல கேக்கறது ஒரு வருஷ இபி பில்லு, ஜென்செட்டுக்கு டீசல் வாங்கின பில்லு, கேஸ் சிலிண்டர் பில்லு. எல்லாமே அவங்க ஆபீஸ் அலமாரியிலேயேதான் இருக்கும். அந்த அக்கவுண்ட்ஸ் பொண்ணையே பக்கத்துல உக்கார வச்சு, அவ கையாலேயே கணக்கு போட வைப்பேன். நம்ம நாட்டு கிரிட் கரண்ட்ல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசலுக்கு கிட்டத்தட்ட 2.7 கிலோ, கேஸுக்கு ஒரு கிலோவுக்கு மூணு கிலோ. மாசம் 10,000 யூனிட் ஓடற ஷெட்டுன்னா அது மட்டுமே 7 டன். 200 லிட்டர் டீசல் பேரல் ஒண்ணு எரிஞ்சா அரை டன்னுக்கு மேல. ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும். ஸ்கோப் 1, 2ன்னு பெரிய பேரா கேட்டது இந்தப் பெருக்கல்தான்னு தெரிஞ்சதும் அந்தப் பொண்ணு முகத்துல வர்ற நிம்மதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், அடுத்த வருஷம் அந்த ஷீட் வந்தா அவளே நிரப்பிடுவா, யாரையும் கூப்பிட வேண்டாம்.

நம்ம நம்பரை நாமளே போடணும்னு நான் இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்க நம்பர் குடுக்கலன்னா கஸ்டமர் சும்மா விடமாட்டாங்க, உங்களுக்கு எத்தனை ரூபாய்க்கு ஆர்டர் குடுத்தாங்களோ அந்த ரூபாயை வச்சு இந்தத் தொழிலுக்கு சராசரி இவ்ளோன்னு ஒரு கணக்கு எழுதிப்பாங்க. நீங்க மோட்டார் மாத்தினது, லீக் அடைச்சது எதுவும் அதுல தெரியாது. நல்லா ஓட்டற ஷெட்டும் கண்டபடி ஓட்டற ஷெட்டும் அந்தக் கணக்குல ஒண்ணுதான்.

நம்பர் வந்ததும் எல்லாரும் சோலார்னு சொல்லுவாங்க. நான் நேரா, மெஷின்களுக்குக் காத்தை அழுத்தி அனுப்பற கம்ப்ரஸர் இருக்கற ரூமுக்குப் போவேன். சாப்பாட்டு டைம்ல, மெஷின் எல்லாம் நின்னு ஷெட்டு அமைதியானதும், கம்ப்ரஸரை மட்டும் ஆஃப் பண்ணாதீங்கன்னு சூப்பர்வைசர் அண்ணன் கிட்ட சொல்லி வச்சிருப்பேன். யாருமே காத்து யூஸ் பண்ணாத நேரம், அது லோடு எடுக்கவே கூடாது, அதாவது காத்தை அழுத்தவே கூடாது. ஆனா எடுக்கும். நாலு நிமிஷத்துல ஒரு நிமிஷம் லோடாகுதுன்னா அதோட கொள்ளளவுல கால் பங்கு லீக்குலயே போகுதுன்னு அர்த்தம். சரியா பராமரிக்காத லைன்ல 20, 30 சதவீதம் லீக் ரொம்ப சாதாரணம். 22 கிலோவாட் கம்ப்ரஸர், ரெண்டு ஷிஃப்ட், மாசம் 25 நாள்னு வச்சுக்கிட்டா கால் பங்குக்கு 2,200 யூனிட், யூனிட்டுக்கு எட்டு ரூபா போட்டா பதினேழாயிரத்துக்கு மேல, ஒன்றரை டன் கார்பன். அப்புறம் சோப்புத் தண்ணியை எடுத்துக்கிட்டு லைன் பூரா நடப்போம், ஹோஸ் கிளாம்ப், கப்ளிங், எப்பவோ கழட்டின மெஷினுக்குப் போற வால்வு, எல்லா இடத்துலயும் நுரை பொங்கும். ஹெல்பர் பசங்கதான் இதுல கில்லாடிங்க. "மேடம், இங்க நைட் ஷிஃப்ட்ல உஸ்ஸுன்னு சத்தம் வருது, நாங்க எப்பவோ சொன்னோம்"னு ஒரு பையன் சொல்லுவான், அவன் சொன்ன இடத்துல இருக்கும். அவங்க கிட்ட யாரும் இதுக்கு முன்னாடி கேட்டதில்ல, அதுதான் எனக்கு வருத்தம்.

பிரஷர் செட்டிங்கும் அப்படித்தான். ஒரு மெஷின்ல ஏதோ ஒரு நாள் காத்து பத்தலன்னு ஏத்தி வச்சது அப்படியே வருஷக்கணக்கா ஓடும். ஒரு பார் குறைச்சா ஆறு ஏழு சதவீதம் கரண்ட் மிச்சம். அப்புறம் கம்ப்ரஸரை வைக்கற இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ, ஜன்னல் இல்லாத மூலையில, அது விடற சூட்டையே அது திருப்பி இழுத்துக்கிட்டு. உள்ள போற காத்து 4 டிகிரி கூடினா 1 சதவீதம் கரண்ட் கூடும், சென்னை மே மாசத்துல அந்த ரூம் எப்படி இருக்கும்னு சொல்லணுமா. வெளிக்காத்து வர்ற மாதிரி ஒரு டக்ட் போட்டா போதும்.

பவுடர் கோட்டிங்ல கதை வேற, அங்க ஓவன் கதவோட பீடிங் (சூடு வெளிய போகாம அடைக்கற பட்டை) போயிருக்கும், அரை லோடுக்கு ஓவனை ஏத்துவாங்க, அதைச் சரி பண்ணாலே சிலிண்டர் குறையும்.

சோலார் வேணாம்னு சொல்லல, ஆனா அங்க போறதுக்குள்ள நிறைய முட்டுக்கட்டை. பாதிப் பேர் வாடகை ஷெட்டு. இபி கனெக்ஷன் இடத்துக்காரர் பேர்ல, கூரை பேனல் வெயிட்டைத் தாங்காது, ஷீட்டை மாத்தணும்னா அவர் ஒத்துக்கணும், அவருக்கு அதுல என்ன லாபம்? பெரிய கம்பெனி, பல பேர் சேர்ந்து சொந்தமா மின் நிலையம் வச்சுக்கற குரூப் கேப்டிவ்ல பங்கு போட்டு காத்தாலை கரண்டை வாங்கிக்கும். சின்னவங்களுக்கு அந்தக் கதவு சுலபமா திறக்காது. காத்தாலை அவ்ளோ நட்டு வச்சிருக்கற நம்ம மாநிலத்துலயே, சின்ன ஷெட்டுக்காரர் கிரிட்ல என்ன வருதோ அதைத்தான் வாங்கணும். பேசி வாடகை ஒப்பந்தத்துல சேர்த்து, இடத்துக்காரரும் யூனிட்காரரும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கற மாதிரி செய்ய வச்சிருக்கேன், நடக்கும், ஆனா மாசக்கணக்குல இழுக்கும்.

கார்பன்னு பேச்செடுத்தா சலிச்சுக்கற ஓனர் கூட 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பத்திப் பேசினா நிமிர்ந்து உக்காருவாரு. அம்பத்தூர் எஸ்டேட்ல தண்ணி நாள்கணக்கா நின்னுச்சு, சிஎன்சி டிரைவ், பேனல் எல்லாம் முழுகி, இன்சூரன்ஸ் பாதி வந்தும் வராமயும் ஆர்டரை விட்டவங்க இருக்காங்க. 2015க்கு அப்புறம் பேனலை உயரத்துல தூக்கி வச்சேம்மா, அதுக்கும் மேல வந்துடுச்சுன்னு ஒரு பெரியவர் சுவத்துல கோட்டைக் காமிச்சாரு. ஒரு ஷெட்டு லீக்கை அடைச்சா புயல் நிக்காதுன்னு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனா இது அவருக்கு சம்பந்தமில்லாத விஷயம்னு அவர்கிட்ட யாரும் சொல்ல முடியாது.

இவங்களுக்கு மனசு இல்லன்னு மீட்டிங்ல பேசறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வரும். மனசு இருக்கு, கையில பணமில்ல. பழைய மோட்டார் எரிஞ்சா ரீவைண்டிங்குக்கு அனுப்பறாங்க, ஒவ்வொரு தடவையும் அதோட எஃபிஷியன்ஸி குறையலாம்னு தெரிஞ்சேதான், ஏன்னா கரண்ட் கம்மியா இழுக்கற ஐஇ3 மோட்டார் வாங்க இன்னைக்குக் காசு வேணும், மிச்சம் வரப்போறது அடுத்த வருஷம். அரசாங்கத் திட்டம் இல்லாம இல்ல, தமிழ்நாட்டு பீஸ் (PEACE) திட்டத்துல எனர்ஜி ஆடிட், அதாவது கரண்ட், எரிபொருள் எங்க வீணாகுதுன்னு ஆய்வு பண்ற செலவுல 75 சதவீதம் ஒரு வரம்பு வரைக்கும் திருப்பித் தர்றாங்க, ஆனா முதல்ல நாம செலவு பண்ணணும்.

எந்த கஸ்டமர் அந்த எக்செல் ஷீட்டை அனுப்பினாங்களோ அவங்க கிட்ட இருந்து இவங்களுக்கு வர வேண்டிய பாக்கி தொண்ணூறு நாள் நூறு நாள்னு நிக்குது. சட்டப்படி 45 நாளுக்குள்ள குடுக்கணும், 2024 ஏப்ரல்ல இருந்து, லேட்டா குடுத்தா அந்தச் செலவை அந்த வருஷ வரிக்கணக்குல கழிக்க முடியாதுன்னு வருமான வரிச் சட்டத்துல பிடியும் போட்டாச்சு, இருந்தும் ஜாப் வொர்க் பண்றவர் கேக்கப் பயப்படறாரு, கேட்டா அடுத்த ஆர்டர் போயிடுமோன்னு. அதனால இப்ப கஸ்டமர் கம்பெனியோட பர்ச்சேஸ் ஆளுங்க கூட உக்கார்ற ஒவ்வொரு மீட்டிங்லயும் நான் ரெண்டு விஷயம் கேக்கறேன். உங்க சப்ளையர் பில்லு எத்தனை நாள்ல பாஸ் ஆகுது, லீக் அடைச்சு நம்பரைக் குறைச்சுக் காட்டினவருக்கு அடுத்த ரேட் பேசறப்ப அதைக் கணக்குல எடுத்துப்பீங்களா, இல்ல மிச்சமான கரண்டுக்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்வீங்களா? ரெண்டாவது கேள்விக்கு இதுவரைக்கும் யாரும் எழுத்துல பதில் தரல. தர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.