ராணி வளர்ப்புத் தேர்வு: முட்டையிலிருந்து எண்ணுங்கள்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

தேனீ வளர்ப்புத் தேர்வில் பலரையும் கவிழ்ப்பது ராணிப் பகுதிதான். பாடம் கடினமில்லை, நாள் கணக்குதான் குழப்பும். ஒரு குறிப்பில் முட்டையிட்ட நாளிலிருந்து எண்ணியிருப்பார்கள், இன்னொன்றில் புழுவை அடையிலிருந்து எடுத்து ராணி வளர்க்கும் கிண்ணத்துக்கு மாற்றிய நாளிலிருந்து. இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்தவர்கள் வாய்மொழித் தேர்வில் திணறியதைப் பார்த்தேன். இப்படிப் பாடக் குறிப்பு தயாரிப்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

நான் எல்லாவற்றையும் முட்டையிலிருந்தே எண்ணினேன். பெட்டிகளில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீயான மெல்லிஃபெராவின் கணக்கு இது: முட்டை 3 நாள், 8ஆம் நாள் வாக்கில் ராணி அறை மூடும், 16இல் ராணி வெளிவரும். வேலைக்காரத் தேனீக்கு 21, ஆணுக்கு 24.

மற்றதெல்லாம் கழித்தல்தான். பொரித்து ஒரு நாள் தாண்டாத புழுவை மாற்றுகிறோம், அதாவது 4ஆம் நாள். அப்படியானால் மாற்றிய 12ஆம் நாள் வாக்கில் ராணி வருவாள். முதலில் வருபவள் மற்ற அறைகளில் இருப்பவர்களைக் கொட்டிக் கொன்றுவிடுவாள். அதனால் மாற்றிய 10ஆம் நாளே அறைகளைப் பிரித்துச் சிறு பெட்டிகளில் வைக்க வேண்டும். "ஏன் 10?" என்று கேட்டார்கள், கழித்துக் காட்டியதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஆண் தேனீ வெளிவந்த பிறகும் முதிர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ராணியோ ஒரு வாரத்தில் பறக்கத் தயார். ஆகவே ராணிக்கான முட்டைக்கு இரண்டு வாரம் முன்பாவது ஆண் முட்டைகள் விழுந்திருக்க வேண்டும். இதுவும் அதே கணக்குதான்.

செய்முறையில் புழு மாற்றுதல். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து அறையின் அடிக்குள் விழட்டும். சரியான வயதுப் புழு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பால் போன்ற உணவுக் கூழில் மிதக்கும். 'சி' மாதிரி வளைந்து நன்றாகத் தெரிகிறதென்றால் பெரும்பாலும் வயது கூடிவிட்டது. வளைவின் முதுகுப்பக்கமாக ஊசியை நுழைத்து, கூழோடு சேர்த்துத் தூக்குங்கள். புரண்டுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். மேல்பக்கத் துளைகளால்தான் அது மூச்சுவிடுகிறது, கவிழ்த்து வைத்தால் கூழில் மூழ்கிவிடும்.

ராணி மாற்றுவதில் கேட்டவை:

- பழைய ராணியையும் ராணி அறைகளையும் நீக்காமல் புதியவளை விடக் கூடாது.
- புதியவளை முதலில் அடைத்து வைக்கும் கூண்டின் கம்பியைத் தேனீக்கள் இறுக்கமாகப் பற்றிக் கடித்தால் இன்னும் ஏற்கவில்லை. விரலால் தள்ளினால் எளிதாக விலகி, நாக்கை நீட்டி ஊட்டினால் ஏற்றுக்கொண்டுவிட்டன.
- விட்ட பிறகு ஒரு வாரம் பெட்டியைக் கிளறாதீர்கள்.
- அறைக்குள் பல முட்டைகள், அதுவும் பக்கச் சுவரில் இருந்தால் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடுகின்றன என்று பொருள். அந்தக் கூட்டம் புது ராணியை லேசில் ஏற்காது. ஆனால் புதிதாக முட்டையிடும் ராணியும் சில நேரம் இரண்டு வைப்பாள், அடியில் வைப்பாள். தேர்வாளர் மடக்கும் இடம் இதுதான்.
- ராணியின் முதுகில் இடும் அடையாள வண்ணம், அவள் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கப்படி: 1, 6 வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. பெட்டியில் ஓர் அடைச் சட்டத்தைக் குறித்துவைத்து, நாள் தவறாமல் நீங்களே திறந்து பாருங்கள். புழு எடுக்கும் ஊசியையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். அங்கே தருகிற ஊசி கைக்குப் பிடிபடுவதற்குள் புழு காய்ந்துவிடும்.