ஸ்கேனர் சொல்வதும் வயர் சொல்வதும்

சம்பா அறுவடை முடிந்ததும் மன்னார்குடிப் பக்கத்தில் கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவர்களுக்கு எலி கடித்த வண்டிகள் வர ஆரம்பிக்கும். வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்குகின்றன. வைக்கோல் போர் ஓரம் நிறுத்திய காரின் பானெட்டுக்குள் கதகதப்பாக இருக்கும், ஏறிவிடும். வயலில் என்றால் தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை.

போன மாசியில் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் காரைக் கொண்டுவந்தார். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு, ஸ்டியரிங் விளக்கு, சறுக்கல் தடுப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து எரிந்தன. ஸ்பீடோமீட்டர் முள் எழும்பவே இல்லை. "தம்பி, ஏபிஎஸ் யூனிட்டையே மாத்தணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க. நெல்லு வித்த காசு பூரா அதுக்கே போயிடும் போலிருக்கு" என்றார்.

விளக்கு பல எரிந்தாலும் பழுது ஒன்றாகவே இருக்கலாம். சக்கரத்தில் உள்ள சென்சார்கள் வேகத்தை ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் ஸ்பீடோமீட்டரும் அதனிடமிருந்துதான் வேகத்தைத் தெரிந்துகொள்கின்றன. அந்தப் பேச்சு நின்றால் எல்லோரும் தங்கள் விளக்கை எரியவிடுவார்கள். ஸ்கேனரில் U0121 என்ற பழுதுக் குறியீடு வந்தது. ஏபிஎஸ் கம்ப்யூட்டரிடமிருந்து தகவல் வரவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். யூனிட் கெட்டுப்போனது என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் விட்டால் வண்டிக்காரர் தலையில் பெரிய செலவு விழும்.

முதலில் பேட்டரி: 12.6 வோல்ட், நன்றாக இருந்தது. ஏபிஎஸ் யூனிட்டின் ஃபியூஸும் எர்த்தும் சரி. அடுத்து கேன் (CAN) வயர்கள். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது. இரண்டே வயர்களில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்ளும். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். இதில் 120 காட்டியது. ஒரு முனைக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியில் ஒரு முனை ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே இருந்தது. அங்கிருந்து வயரிங்கைத் தொடர்ந்து பார்த்ததில், பேட்டரித் தட்டுக்கு அடியில் எலி கடித்த இடம் கிடைத்தது.

ஈயம் வைத்து ஒட்டி, ஸ்லீவ் போட்டு, இரண்டு வயரையும் பழையபடி முறுக்கிவிட்டேன். முறுக்கு முக்கியம். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு வயரிலும் சமமாக விழுந்தால்தான், அவற்றின் வித்தியாசத்தை மட்டும் படிக்கும் கம்ப்யூட்டருக்குச் செய்தி தெளிவாகப் போகும். மீட்டர் 60 காட்டியது. பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு நீடாமங்கலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், விளக்கு திரும்ப வரவில்லை. பெரியவருக்கு யூனிட் வாங்கும் செலவு மிச்சம்.

வண்டி வந்ததும் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று அனுப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இன்ஜின் பழுதுக் குறியீட்டோடு அந்த நேரத்து வேகம், ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று), கூலன்ட் சூடு எல்லாம் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாகை, வேதாரண்யம் வண்டிகள் என்றால் உப்புக் காற்றில் எர்த் முனைகள் பச்சை பூத்திருக்கும், அங்கேயும் ஒரு கண் வேண்டும்.

எரிகிற விளக்கை விட, எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கைத்தான் நான் முதலில் தேடுவேன். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் விளக்குகள் ஒருமுறை எரிய வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். அதைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.